மெனுவைக் கழற்றிய மதியம்

பஸ் இன்று பங்காருபாளையம் மாங்காய் மண்டியைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகப் பழ வாசனை உள்ளே வந்தது. கூடவே நினைவில் நீயும் வந்துவிட்டாய்.

சித்தூரில் உன் சர்ச் ஆட்கள் பாதிப் பேர் வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. நீ மட்டும் பெங்களூரு வேலையை விட்டுவிட்டுத் திருப்பதிக்கு வந்தாய். என்னோடு சேர்ந்து, வெப்சைட் செய்து தரும் சின்ன ஆபீஸ் ஒன்றைப் போட்டாய்.

நமக்குள் நடந்த பெரிய சண்டை, சைட்டில் எந்தப் பக்கம் எங்கே என்று காட்டும் ஒரு மெனுவுக்காகத்தான். பங்காருபாளையம் மண்டிக்காரர் ஒருவருக்கு சைட் செய்தோம். அன்றைய விலையை அதில் பார்த்துவிட்டுத்தான் சுற்றுப்பட்டு விவசாயிகள் காய் பறிப்பார்கள். மெனுவை, சைட்டின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீமுக்குள்ளேயே வைத்துவிடலாம், பாரம் இருக்காது, சின்ன போனிலும் சுலபமாகத் திறக்கும் என்றேன் நான். நீ ஒப்பவில்லை.

"தீம் எல்லாம் மாத்திக்கினே இருப்பாங்க. மெனு, வெளியே இருந்து மாட்டுற பிளகின்ல தனியா இருந்தாத்தான் தப்பிக்கும்" என்றாய். உன் பேச்சுப்படியே செய்தோம்.

சீசன் நடுவில், அமெரிக்காவிலிருந்த மண்டிக்காரர் மகன் அங்கிருந்தபடியே தீமை மாற்றிவிட்டார். நீ சொன்னது போலவே மெனு தப்பித்தது. ஆனால் புதுத் தீமுக்கும் பிளகினுக்கும் ஒத்துப்போகவில்லை. சின்ன போனில் மெனு திறந்தால் மூடவில்லை. விலையை மறைத்துக்கொண்டு நின்றது. காயைப் பறிப்பதா, விடுவதா என்று தெரியாமல் ஆட்கள் மண்டிக்குப் போன் போட்டபடி இருந்தார்கள்.

நாம் மண்டிக்கு ஓடினோம். வெயிலில் டிராக்டர் பக்கத்தில் நின்றிருந்த ஒரு விவசாயியிடம் போனை வாங்கி, நீயே திறந்து பார்த்தாய். மெனுவை இரண்டு தடவை மூடப் பார்த்தாய். பிறகு மண்டிக்காரர் முன்னாலேயே என்னைப் பார்த்து, "நீ சொன்னதுதான் சரி. நான் தீம் மாறுறத மட்டும் யோசிச்சேன், இந்த போன யோசிக்கல" என்றாய்.

குரலில் வருத்தமும் இல்லை, வீம்பும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து பிளகினைக் கழற்றினாய். தீமுக்குள்ளேயே வெறும் எழுத்தாக, 'இன்றைய விலை' முதலில் வரும்படி தெலுங்கிலும் தமிழிலும் மெனுவை எழுதினாய். அமெரிக்காவுக்குப் போன் செய்து, டிசைன் அழகாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டு, இனி மாற்றுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாய். ஜெயித்தவன் நான். ஆனால் அன்று முழுக்க உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ இறந்துபோய் இரண்டாவது மாங்காய் சீசன் இது. நேற்று காளஹஸ்தியில் ஒரு துணிக்கடை அம்மா, மெனுவில் நான் வைத்த வரிசை தன் வாடிக்கையாளருக்குப் புரியவில்லை என்றார். முன்பு என்றால் அரைமணி நேரம் விளக்கம் சொல்லியிருப்பேன். போனில் திறந்து பார்த்தேன்.

"ஆமாம்மா, நீங்க சொல்றதுதான் சரி" என்றேன். வாய் கூசவில்லை.