வரப்புப் பலாவும் உங்கள் கதவும்

பங்காளி,

வரப்புப் பலா பழுத்துவிட்டது. காலையில் கதவைத் திறந்ததும் வாசனை மூக்கில் ஏறியது. உடனே உங்களோடு சண்டை போட வாய் துறுதுறுத்தது. "மரம் என்னுதுங்க" என்பீர்கள். "வேர் எங்காட்டுல இருக்குதுங்க" என்பேன். சண்டையிலும் மரியாதைக்குக் குறைவில்லை. அது முற்றி ஒரு வருஷம் பேச்சே நின்றுபோனது.

பேசாதிருந்த அந்த வருஷம்தான், மிளகு பறிக்கப் போய், கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாத்திய ஒற்றை மூங்கில் ஏணியிலிருந்து மல்லாக்க விழுந்தேன். இடுப்பில் உயிர்போகும் வலி. அதற்குக் கீழே கால் இருப்பதே தெரியவில்லை. நம் ஊர் வழக்கப்படி எல்லாரும் ஓடிவந்தார்கள், தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்க.

"தொடாதீங்க! தண்ணியும் குடுக்காதீங்க!" என்று வரப்புக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினீர்கள்.

"பகையைக் காட்டற நேரமாங்க இது?" என்று என் மனைவி அழுதாள். பாவி மனுஷன் என்று நானும் மனதுக்குள் திட்டினேன்.

நீங்கள் ஓடிப்போய் உங்கள் வீட்டுக் கதவையே கழற்றிக்கொண்டு வந்தீர்கள். நாலு பேரைச் சேர்த்து, தலையும் முதுகும் திருகாமல், ஒரே கட்டையைப் புரட்டுவதுபோல் என்னைப் புரட்டி அதில் கிடத்தினீர்கள். பிக்கப் வண்டி மலையிறங்கிக் காளப்பநாயக்கன்பட்டி ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை, அத்தனை கொண்டை ஊசி வளைவிலும், என் தலை உங்கள் இரு கைகளுக்குள்தான் இருந்தது.

"என்ற தம்பி விழுந்தப்ப தோள்ல போட்டுத் தூக்கிட்டு ஓடுனோம் சாமி. அவன் அப்புறம் எந்திரிக்கவே இல்ல" என்றீர்கள். பேச்சு நின்றபின் என்னிடம் நீங்கள் பேசிய முதல் பேச்சு அது.

"எலும்புதான் உடைஞ்சிருக்கு, தண்டுவடம் தப்பிச்சிருச்சு. தூக்கி உட்கார வெச்சிருந்தா கால் போயிருக்கும்" என்றார் டாக்டர். ஆபரேஷனுக்குப் பிறகு கால் விரல் அசைந்த அன்று நீங்கள் பார்க்க வந்தீர்கள். சந்தோஷம் தாங்காமல், "பலாவை நீங்களே வெச்சுக்கோங்க" என்றேன்.

உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "படுத்துக் கெடக்கறவங்கிட்ட வாங்குவனா? எந்திரிச்சு நடந்து வந்து சண்டை போடு சாமி!"

நடந்து வந்தேன். அப்புறம் எத்தனை பருவம் அந்த வரப்பில் நின்று சண்டை போட்டோம்! என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக யாரோடும் சண்டை போட்டதில்லை. அந்தக் கதவும் பழையபடி பொருந்தாமல், உங்கள் வீட்டில் இன்னும் தரையை உரசிக்கொண்டுதான் திறக்கிறது.

என் முதுகில் வைத்த கம்பி குளிருக்குப் பிடிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் இன்று ஒரு பலாச்சுளையோடு உங்களைப் புதைத்த மேடுவரை நடந்தே வந்தேன். "வேர் எங்காட்டுலதானுங்க" என்று சத்தமாகச் சொன்னேன். நீங்கள் பேசவில்லை. அதனால் நான் ஜெயித்ததாக ஆகாது, பங்காளி. நாளைக்கும் நடந்து வருவேன்.