தலையணை உறையில் விழுந்த ஓட்டு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், உன் அப்பாவின் முழங்கால் ஒன்றுதான் எங்களோடு ஒத்துப்போகாமல் தனிவழி போகிறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நன்றாக இருப்பீர்கள் என்ற நினைப்போடுதான் எழுத உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது நான் வேலைக்குப் போயிருந்தேன், இனி பல ஞாயிறு அப்படித்தான். அம்மா ஓட்டெடுப்புல தோத்துட்டா, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா என்று அப்பா உன்னிடம் சொன்னாராம். தோற்றது உண்மை. மூஞ்சி எப்போதும் இருக்கிற மூஞ்சிதான். அவர் பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்குகிற ஆள், அதனால் முழுவதையும் நானே எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் எங்களுக்கு ஞாயிறு விடுமுறை யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை, நீ கைக்குழந்தையாக இருந்தபோது உன்னை மடியில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து வாங்கினோம். போன மாதம் நிர்வாகம் உன் மாமாவைக் கூப்பிட்டு, ஞாயிறை விட்டுக்கொடுத்து முறைபோட்டு வேலைக்கு வாருங்கள், அதே நாளிலிருந்து தினக்கூலிப் பெண்களை நிரந்தரமாக்குகிறோம் என்றது. இவன் சங்கச் செயலாளர் அல்லவா, ஒருவரையும் கேட்காமல் தலையாட்டிவிட்டு வந்தான். கூட்டத்தில் எழுந்து, யாரைக் கேட்டுடா சரின்னே என்றேன். நல்லதுதானேக்கா செஞ்சேன், இதுக்கெல்லாம் ஓட்டு வச்சா சங்கம் ரெண்டாப் போயிடும் என்றான். நீயும் அதற்கு முந்தின வாரம் போனில் அதையேதான் சொன்னாய், மாமா விவரம் தெரிஞ்சவரு, விடும்மா என்று. அது எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் பள்ளிக்கூடம் போகாதவள், விரிப்புகளில் குத்தியிருக்கிற வார்டு பெயர்களைப் பார்த்தே எழுத்துக்கூட்டப் பழகினவள். ஆனாலும் கேட்கிறேன், நாட்டை ஆளுகிறவரைத் தேர்ந்தெடுக்க எனக்கு அறிவு இருக்கிறதாம், என் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்ல அறிவு இல்லையாமா? வாரம் முழுக்க வாயை மூடி இருக்கப் பழகினவள் தேர்தலன்று மட்டும் எப்படித் திறப்பாள்?

கடைசியில் ஓட்டெடுப்புக்கு ஒத்துக்கொண்டான், ஆனால் கை தூக்கிச் சொல்லுங்கள் என்றான். மேற்பார்வையாளரின் கண்ணாடி அறை மாடியிலிருந்து எங்கள் தலைக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்கிறது, அதற்குக் கீழே எவள் கை தூக்குவாள்? கிழிசல் தைக்கிறவளிடம் துணிகளிலிருந்து உதிர்ந்த பொத்தான்கள் டப்பா நிறையக் கிடந்தன. ஆளுக்கு ஒரு வெள்ளைப் பொத்தான், ஒரு கறுப்புப் பொத்தான் கொடுத்தோம். ஒப்பந்தம் வேண்டும் என்றால் வெள்ளை, வேண்டாம் என்றால் கறுப்பு. கொடியில் விரிப்புகளைத் தொங்கவிட்டு மறைப்புக் கட்டி, உள்ளே இரண்டு தலையணை உறை வைத்தோம், ஒன்று ஓட்டுக்கு, மற்றது மிஞ்சிய பொத்தானைப் போட. தினக்கூலிப் பெண்களும் சந்தா கட்டுகிறவர்கள்தான், அவர்களும் போடவேண்டும் என்று நான் நின்றேன். தைக்கிறவள் என் காதோரம் வந்து, அவங்க போட்டா நீ தோத்துடுவியே, பைத்தியமா உனக்கு என்றாள். அதற்காக அவர்களை விலக்கி வைத்து ஜெயிக்கவா என்றேன்.

எண்ணிப் பார்த்தால் வந்த ஆட்களைவிட ஒரு ஓட்டு கூடுதல். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்க்கிறோம். இஸ்திரி போடுகிறவர் மெதுவாகத் தலையைச் சொறிந்துகொண்டு, அக்கா சொல்றதும் நியாயம், தம்பி சொல்றதும் நியாயம், அதான் ரெண்டையும் ஓட்டு உறையிலேயே போட்டுட்டேன் என்றார். சிரிப்பு அடங்கவே வெகுநேரம் ஆனது. வெள்ளைதான் குவிந்து கிடந்தது, அந்த ஒன்றால் எதுவும் மாறப்போவதில்லை. இருந்தாலும் ஒருவருக்கு இரண்டு ஓட்டு கிடையாது, மறுபடி போடுங்கள் என்றேன். உன் மாமா கும்பிட்டான், யக்கா, ஒரு தடவை தோத்தது போதாதா, ரெண்டாந்தடவையும் தோக்கணும்னு நிக்கிறியே என்று. நின்றேன். மறுபடி போட்டார்கள். இரண்டாம் முறை முன்னைவிட அதிகமாகவே தோற்றேன். நான் போட்டது இரண்டு தடவையும் கறுப்பு, இன்றைக்குக் கேட்டாலும் கறுப்புதான்.

ஞாயிறு வேலை உடனே தொடங்கிவிட்டது. நேற்று மேலாளர் உன் மாமாவைக் கூப்பிட்டு, நிரந்தரம் செய்வதை அடுத்த வருஷம் பார்க்கலாம், நீங்கள் விவரமானவர், ஆட்களிடம் பக்குவமாகச் சொல்லுங்கள் என்றாராம். முன்பு போல இருந்தால் இவன் பக்குவமாகத்தான் சொல்லியிருப்பான். நேற்று அவன், சரின்னு சொன்னது நான் இல்லீங்க, கூடத்துல இருக்கிற எல்லாரும், மாத்தணும்னா அவங்களைத்தான் கேக்கணும் என்று எழுந்து வந்துவிட்டான். உடனே கூட்டம் போட்டு மறுபடி பொத்தான் போட்டோம், நாளை வேலைநிறுத்தம் என்று முடிவானது. ஆபரேஷனுக்கு வேண்டிய துணிகளை மட்டும் இன்றைக்கே வெளுத்து அடுக்கிவிட்டோம், நோயாளி மீது எங்களுக்கு என்ன கோபம். முதல் ஓட்டெடுப்பு நாளிலிருந்து என் வீட்டுப் பக்கமே வராத உன் மாமா சாயங்காலம் வந்து கதவோரம் நின்றான். உனக்குப் பிடிக்காத ஒப்பந்தம், நீ நாளைக்குப் போராட்டத்துக்கு வரலேன்னாலும் யாரும் தப்பா நினைக்க மாட்டாங்கக்கா என்றான். அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியாததா? நானும் பொத்தான் போட்டிருக்கேன்டா, தோத்தவளுக்கு அந்த முடிவுல பங்கு இல்லைன்னு எவன் சொன்னான், நான்தான் முன்னாடி நிப்பேன் என்றேன். உள்ளே வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். நிர்வாகம் இறங்கி வரும், வராவிட்டால் மறுநாளும் நிற்போம்.

நீ கவலைப்படாதே, குழந்தையின் இருமலை மட்டும் கவனி. மாப்பிள்ளை கைப்பிடிச்சுவர் இல்லாத பால்கனியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பதை நிறுத்தச் சொல். உன் வேலையிடத்துச் சங்கத்துக்குச் சந்தா மட்டும் கட்டுகிறேன் என்றாயே, கூட்டத்துக்கும் போ, பிடிக்காவிட்டால் எழுந்து சொல், தோற்றால் தோற்றுவிட்டு வா. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், யாருக்கும் பயப்படாமல் நெடுங்காலம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
நாளை வேலைக்குப் போகாத
உன் அம்மா