வெள்ளைமுடி, கறுப்புமுடி: வசனம் நான்

மே 8, ஞாயிறு

ஸ்ரீரங்கம் வாழ் பெருமக்களுக்கும், திருவானைக்காவல், தென்னூர் முதலிய அண்டை நாடுகளுக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால்: இன்று மாலை நாலரை மணிக்கு எங்கள் மொட்டைமாடி ஆன்டெனா தென்கிழக்கே திரும்பியது. திருப்பியவன் ரவி, அதாவது நான். ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதியவன். ரிசல்ட் வரும்வரை அறிவாளி.

கத்திரி வெயில். கம்பியைப் பிடித்ததில் உள்ளங்கை இரண்டும் அப்பளம். ஜன்னல் வழியாக லூர்து சார்: "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... போச்சு. போச்சுப்பா. பழைய இடத்துக்கே வா." பதினேழு தடவை. கடைசியில் சிலோன் டி.வி. தெரிந்தது.

மாடிப் போர்ஷனில் லூர்து சார் (காலேஜில் கெமிஸ்ட்ரி), ரீட்டா ஆன்ட்டி, ஸ்டெல்லாக்கா. கீழே நாங்கள்: அப்பா, அம்மா, மல்லிகாக்கா, நான். டி.வி. மாடியில். ஆகவே மாலையில் நானும் மாடியில். வீதியில் பாதியும் மாடியில்.

ஒரு கார்ட்டூன் தொடர். ஜப்பான்காரன் வரைந்தது, சிங்களத்தில் பேசுவது, ஸ்ரீரங்கத்தில் பார்ப்பது. ஞாயிறும் புதனும். பெரிய பெரிய கண்ணோடு இரண்டு பெண்கள், ஒரே ஓட்டப்பந்தயக் குழுவில். ஒருத்திக்கு வெள்ளை முடி. சிரிக்கவே மாட்டாள், எல்லாவற்றிலும் முதல். இன்னொருத்திக்குக் கறுப்பு முடி. கத்துவாள், விழுவாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓடுவாள். கறுப்பு வெள்ளை டி.வி. என்பதால் நிஜத்தில் என்ன நிறமோ, யார் கண்டது. இனிச் சுருக்கமாக வெ.மு., க.மு. (கி.மு. இல்லை.)

ஊரெல்லாம் பனி. கதையில் பெய்கிறதா, டி.வி.யில் பெய்கிறதா என்று லூர்து சாருக்கும் எதிர்வீட்டு மாமாவுக்கும் கால் மணி நேர விவாதம்.

யாருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. "எனக்குச் சிங்களம் தெரியும்" என்றேன். எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் தைரியமாகச் சொன்னால் போதும்.

வசனம் முழுக்க நான். இரண்டு குரல். கைதட்டல் மூன்று முறை.

மே 11, புதன்

வெயில். அம்மா கத்திரிக்காய் வதக்கினாள், கத்திரி எங்களை வதக்கியது.

இன்று என் வாழ்க்கையின் மிகச் சிறந்த வசனம். க.மு. மைதானத்தில் வெ.மு.வை நேருக்கு நேர் நின்று பார்க்கிறாள். வாய் அசைகிறது. நான் எடுத்துவிட்டேன்:

"உனக்குத்தான்டி கிடைக்கும். உங்கப்பா வாத்தியார், உனக்குப் படிக்க மேஜை நாற்காலி. அடுப்பங்கரையில உக்காந்து படிச்சவளுக்கு யார் குடுப்பா?"

கூடமே அதிர்ந்தது. எதிர்வீட்டு மாமா, "அடி சக்கை!" என்றார்.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. நேற்று சமையற்கட்டில் மல்லிகாக்கா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது. காலேஜ் கெமிஸ்ட்ரி லேபில் ஒரே ஒரு டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. அக்காவும் ஸ்டெல்லாக்காவும் இரண்டு பேருமே எழுதிப் போட்டிருக்கிறார்கள். கிடைக்காவிட்டால் ஆவணியில் கல்யாணம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதனால் அக்கா நீளமாகப் புலம்பினாள். எனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டேன். கலைஞன் எங்கிருந்தும் எடுப்பான்.

ஸ்டெல்லாக்கா பாதியில் எழுந்து உள்ளே போனாள். தலைவலியாம். மல்லிகாக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடிப்பைப் பார்த்து மலைத்திருப்பாள்.

மே 13, வெள்ளி

வீதி இரண்டு கட்சி. வெ.மு. கட்சி, க.மு. கட்சி. சுவரில் கரிக்கட்டையில் ஓட்டு. அப்பா பார்த்துவிட்டு, அழிக்கச் சொன்னார். யாரை என்று தெரியும்.

காலையில் பஸ் ஸ்டாப். அக்காக்கள் இருவரும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஒன்றாகப் போகிறவர்கள். ஒருத்தி ஏறினால் இன்னொருத்திக்குத் தாவணி போட்டு இடம் பிடிப்பாள். காலேஜில் சர்டிபிகேட் வாங்க இன்று போனார்கள். இவள் வேப்பமரத்தடியில், அவள் சைக்கிள் கடை வாசலில். பஸ் வந்தது. இவள் முன்வாசல், அவள் பின்வாசல்.

பூக்காரம்மா என்னிடம்: "என்ன தம்பி, ரெண்டு புள்ளைங்களுக்கும் ஆவலையா?"

"தெரியலீங்க."

தெரியலீங்க என்று சொன்னபோது நாக்கு கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. வெயில்தான்.

மே 15, ஞாயிறு

பகலில் மாடிப்படியில் செய்தி: ஸ்டெல்லாக்கா மெட்ராஸ் போகிறாள். எம்.எஸ்ஸி. இன்டர்வியூ, சித்தி வீட்டில் தங்கி, அப்படியே ஹாஸ்டலுக்கு. 26ஆம் தேதி கிளம்புகிறாள். லேப் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

சந்தோஷப்படுவாள் என்று ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். ஈரப் பாவாடையை உதறியதில் என் முகமெல்லாம் தண்ணீர்.

"எனக்கு விட்டுக் குடுக்கிறாளா? யார்றா கேட்டா அவளை? பிச்சையா போடறா?"

"அக்கா, உனக்கு வேலை கிடைக்கும்ல?"

"போடா அந்தாண்ட."

மாலை டி.வி.யில் வெ.மு. பந்தயத்துக்கே வரவில்லை. க.மு. தனியாக ஓடி முதல் வந்தாள். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு பனியில் நின்றாள். என்ன வசனம் சொல்வதென்று தெரியவில்லை. "ஆஹா, வெற்றி!" என்றேன். கூட்டம் கைதட்டவில்லை. கடைசி வரிசையில் ரீட்டா ஆன்ட்டி மட்டும் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார். சிரிக்கிற இடமே இல்லை அது.

மல்லிகாக்கா மாடிக்கு வரவில்லை.

மே 18, புதன்

மாபெரும் திட்டம். அக்காக்கள் சண்டையை முடிக்க ஒரே வழி கலை. இன்றைய பகுதியில் வெ.மு.வும் க.மு.வும் மன்னிப்புக் கேட்டுக் கட்டிக்கொள்வார்கள். வசனம் இரண்டு பக்கம் எழுதி மனப்பாடம். தேவையானவை:

1. ஸ்டெல்லாக்கா கூடத்தில் இருக்க வேண்டும்.
2. அம்மாவிடம் சொல்லி அக்காவை மேலே அனுப்ப வைக்க வேண்டும்.
3. தொண்டை. (உடைந்துகொண்டிருக்கிறது. வெ.மு. குரலில் ஆரம்பித்தால் லூர்து சார் குரலில் முடிகிறது.)

இரண்டு பேரும் வந்தார்கள். இரண்டு மூலையில். நான் ஆரம்பித்தேன்: "தோழி! தப்பு என் மேலதான். என்னை மன்னிச்சிடு..."

படத்தில் க.மு. பளார் என்று ஓர் அறை விட்டாள்.

"நானும் உன்னை மன்னிச்சிட்டேன்" என்றேன். வெ.மு. திருப்பி அறைந்தாள்.

எதிர்வீட்டு மாமா: "டேய், மன்னிப்புக் கேட்டுக்கிட்டே அறையறாளுங்களேடா!"

கூடம் முழுக்க ஒரே ரகளை. மல்லிகாக்காவுக்குக் கூடச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று ஸ்டெல்லாக்கா பக்கம் திரும்பினாள். எதற்குச் சிரித்தாலும் அந்தப் பக்கம் திரும்பிய பழக்கம். ஸ்டெல்லாக்காவும் அதே நேரம் திரும்பியிருந்தாள். இரண்டு பேருமே மறுபடி டி.வி.யைப் பார்த்துக்கொண்டார்கள். விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

மே 19, வியாழன்

ரீட்டா ஆன்ட்டி கூப்பிட்டார். டிரங்குப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கவாம். இறக்கினேன். ஆன்ட்டி என்னைப் பார்த்துக் கடகடவென்று ஏதோ கேட்டார். முழித்தேன்.

"தண்ணி குடிக்கிறியான்னு கேட்டேன்ப்பா. சிங்களத்துல."

டிரங்குப் பெட்டிக்குள் ஒருவன் அடங்குவானா என்று யோசித்தேன்.

ஆன்ட்டியின் அப்பா கண்டியில் கடை வைத்திருந்தாராம். பன்னிரண்டு வயதுவரை அங்கேதான். முதல் நாளிலிருந்தே எல்லாம் புரிந்துகொண்டு, பின் வரிசையில் உட்கார்ந்து என் வசனத்தைக் கேட்டிருக்கிறார்.

"ஏன் ஆன்ட்டி சொல்லல?"

"நீ சொல்றது நல்லாத்தான்ப்பா இருந்துச்சு. நெசக் கதையில இவ்வளவு சண்டை இல்ல."

பிறகு, அந்த மைதானக் காட்சியில் க.மு. உண்மையில் என்ன சொன்னாள் என்று சொன்னார். "நீ முன்னால ஓடு. உன் முதுகைப் பாத்துக்கிட்டே வந்தாத்தான் எனக்கு ஓட வருது."

ஆன்ட்டி புடவையை மடித்து மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே:

"மெட்ராசுக்குப் போகமாட்டேன், இங்கயே மல்லிகா கூட லேப்ல இருக்கேன், ஒரு வேலைன்னா இந்த வருசம் ஒருத்தி, அடுத்த வருசம் இன்னொருத்தின்னு ஒரு மாசமா பிடிவாதம் பிடிச்சவ. அந்தப் புதன்கிழமை உள்ள எந்திரிச்சு வந்தா. போறேம்மான்னா. ஏன்ப்பா ரவி, அந்த வசனம் நீயாச் சொன்னதா? யார்கிட்டயாவது கேட்டதா?"

நின்றேன்.

"மேஜை நாற்காலின்னெல்லாம் உனக்குத் தோணாது. எனக்குத் தெரியும். நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். நீயே போய்ச் சொல்லிடு சாமி. இன்னும் ஒரு வாரம் இருக்கு."

திட்டியிருக்கலாம். முறுக்கு கொடுத்தார். முறுக்கு உள்ளே இறங்கவில்லை. ஆகவே பையில்.

மே 22, ஞாயிறு

வரலாற்றில் பொறிக்க வேண்டிய நாள். மாலை ஐந்து மணிக்கு அக்காக்கள் இருவரையும் மொட்டைமாடிக்கு அழைத்தேன். நடுவில் நின்றேன். அடுப்பங்கரைப் பேச்சைத் திருடிச் சபையில் வைத்தவன் நானே என்று தலைநிமிர்ந்து முழங்கினேன். ஸ்டெல்லாக்கா கண் கலங்கினாள். மல்லிகாக்கா, "நீ பெரிய மனுஷன்டா" என்றாள். காவிரிக்காற்று வீசியது. மற்றவை விரிவாகப் பின்னர்.

தொடர் பார்க்கவில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன். இனி யாருக்கும் வசனம் கிடையாது.

மே 25, புதன்

புழுக்கம். ஞாயிற்றுக்கிழமை நான் அவ்வளவு செய்தும் அக்காக்கள் பேசிக்கொள்ளவில்லை. மருந்து வேலை செய்ய நேரம் எடுக்கும்.

அக்கா மத்தியானம் முழுக்கச் சாமந்தியும் மருவும் வைத்துக் கட்டினாள். ஒரு முழம் கட்டுவாள், பிரிப்பாள்.

"யாருக்குக்கா?"

"சாமிக்கு."

சாமி படத்துக்கு இரண்டு விரல் நீளம் போதும். இது நாலு முழம்.

"நாளைக்கு பஸ் ஏத்திவிட வர்றியாக்கா?"

"எனக்கு வேலை இருக்கு."

என்ன வேலை என்று கேட்கவில்லை. மாடியில் பெட்டி இழுக்கும் சத்தம் கேட்டபோதெல்லாம் அவள் கை நின்றது.

மே 26, வியாழன்

காலை ஏழரைக்கு மெட்ராஸ் பஸ். டிரங்குப் பெட்டி என் தலையில். லூர்து சாரும் கூடப் போகிறார். வாசலில் ஆன்ட்டி ஸ்டெல்லாக்கா நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான்.

சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டு. பெட்டியை மேலே ஏற்றியாயிற்று. ஸ்டெல்லாக்கா ஜன்னல் ஓரம். திரும்பினால், கடலைவண்டிக்குப் பக்கத்தில் மல்லிகாக்கா. எங்களோடு அதே ஒன்றாம் நம்பரில்தான் வந்திருக்கிறாள், முன்பக்கம் ஏறி. கையில் வாழை இலைப் பொட்டலம். கிட்டே வரவில்லை. ஸ்டெல்லாக்காவும் பார்த்துவிட்டாள். கூப்பிடவில்லை. இரண்டு பேரும் அப்படியே.

டிரைவர் ஏறினார். கண்டக்டர் விசில். பஸ் ஒரு உறுமல்.

"ஸ்டெல்லாக்கா!" என்றேன். குரல் க.மு.வில் ஆரம்பித்துத் தவளையில் முடிந்தது. "அது அக்கா உங்கள வையலக்கா! அம்மாகிட்ட அழுதுகிட்டே சொன்னா. நான் பாதியத்தான் எடுத்தேன். மீதியும் இருக்கு. 'ஆனா வேற யாருக்கோ போறதுக்கு அவளுக்கே கிடைக்கட்டும்மா, அவ லேப்ல இருந்தா நானும் தினம் போய்ப் பாத்துக்கலாம்'னா. அது நீளமா இருந்துச்சுன்னு வெட்டிட்டேன்!"

பஸ் ஸ்டாண்டே பார்த்தது. கடலைக்காரர் கரண்டியை நிறுத்திவிட்டார்.

நறுக்கென்று உச்சந்தலையில் ஒரு குட்டு. மல்லிகாக்கா. எப்போது வந்தாள் தெரியாது.

ஸ்டெல்லாக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு: "ஏன்டி, இவன் சிங்களத்தைத்தான் தப்பாச் சொல்றான்னு நெனச்சேன். தமிழையே பாதிதான் சொல்லியிருக்கானா?"

அக்கா பொட்டலத்தை நீட்டினாள். கை எட்டவில்லை, பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. கூடவே நாலடி ஓடினாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, பாவாடையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியில் தொற்றி ஏறிவிட்டாள்.

"எங்கம்மா போகணும்?" கண்டக்டர் குரல்.

"டோல்கேட்."

டோல்கேட் ஆற்றுக்கு அந்தண்டைதான். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அதற்கு மெட்ராஸ் பஸ்ஸில் ஏறியவள் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். ஜன்னலில் இரண்டு தலை தெரிந்தது. ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து. பிறகு பஸ் திரும்பிவிட்டது.

அக்கா பத்தரைக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது, தலையில் பாதிப் பூ இருந்தது. மீதிப் பாதி மெட்ராஸ் போகிறது. எனக்குக் கடலைமிட்டாய் ஒன்று கொடுத்து, மறுபடி ஒரு குட்டு.

ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைக் கிழிக்கலாம் என்று பார்த்தேன். கிழித்தால் பின்பக்கம் வியாழன், ஆன்ட்டி சொன்னதும் போய்விடும். அதனால் இருக்கட்டும். ஆனால் அதில் எழுதியது அத்தனையும் புளுகு. யாரையும் மொட்டைமாடிக்குக் கூப்பிடவில்லை. அன்று ஐந்து மணிக்கு நான் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அழுதுகொண்டிருந்தேன். இன்று வாய் திறந்ததும் வீரத்தால் இல்லை. பஸ் நகர்ந்துவிட்டால் அப்புறம் அக்கா எப்போதும் இப்படியே கடலைவண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாளோ என்று பயமாக இருந்தது, அவ்வளவுதான்.