கான்டக்ட் சர்டிபிகேட்

14 ஜூலை 2008, திங்கள்

அலுத்துவிட்டது. ஆன்லைனில் எழுதித் தேறிய பாடங்களை நான் சேரப்போகும் கல்லூரி ஏற்றுக்கொண்டால் நேராக இரண்டாம் வருடம். இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து.

கல்லூரி ஆபீஸ் கிளார்க் மார்க்கைப் பார்த்துவிட்டு, "படிச்ச இடத்துல கான்டக்ட் சர்டிபிகேட் வாங்கிட்டு வாம்மா" என்றார்.

"ஆன்லைன் சார். அங்க யாரும் என்னைப் பார்த்ததே இல்ல."

"அப்ப நீ ஒழுங்கா இருந்தியான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

வரும் வழியில், நான் உட்கார்ந்து படித்த தாம்பரம் பிரவுசிங் சென்டரில் புலம்பினேன். கடைக்கார அண்ணா சிரிக்கவில்லை. "இங்கதானே படிச்ச? நான் எழுதித் தரேன். கடை சீலும் கீது" என்றார்.

எழுதியும் கொடுத்துவிட்டார்: 'இந்தப் பெண் ஒரு நாளும் கேம் ஆடியதில்லை.'

நாளைக்கு இதைத்தான் நீட்டப்போகிறேன். நான் படித்ததைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் அவர்தான்.