வஞ்சிர மீன் வழக்கும் என் பாஸ்போர்ட்டும்

அனுப்புநர்:
க. அஞ்சலாட்சி (வயது 51),
க/பெ. கலியமூர்த்தி,
உப்பளம், புதுச்சேரி.

பெறுநர்:
உயர்திரு காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
பாஸ்போர்ட் விசாரணைப் பிரிவு,
புதுச்சேரி.

பொருள்: முடிந்துபோன சிறு வழக்கினால் என் பாஸ்போர்ட் நின்றுபோயிருப்பதும், அதே வழக்கில் அபராதம் கட்டிய என் சம்பந்தி பிரான்சுக்குப் புறப்படுவதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் ஒரே மகள் நிர்மலா, தன் கணவர் வெற்றிச்செல்வனுடன் பிரான்சில் இருக்கிறாள். அடுத்த மாதக் கடைசியில் அவளுக்குப் பிரசவம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது தாங்கள் அறியாததல்ல. விமானம் ஏறவே கூடாது என்று அங்குள்ள டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் அவளால் இங்கு வர இயலவில்லை. ஆகவே தாய்வீடுதான் அங்கே போக வேண்டும். அதாவது நான்.

2. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தேன். விசாரணைக்கு வந்த காவலர் மரியாதையாகவே நடந்துகொண்டார். நான் கொடுத்த காபியையும் குடித்தார். பிறகு என்மீது வழக்கு உண்டு என்று எழுதி அனுப்பிவிட்டார். அது உண்மைதான். ஆனால் அந்த வழக்கு முடிந்துவிட்டது என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். அந்த ஒற்றை வரியால் என் விண்ணப்பம் அப்படியே கிடக்கிறது.

3. வழக்கு என்னவென்று சொல்லிவிடுகிறேன். 2005-இல், கல்யாணமான கையோடு பிள்ளைகள் பிரான்சுக்குப் புறப்படுவதற்கு முந்தைய நாள், என் வீட்டில் அவர்களுக்கு விருந்து வைத்திருந்தேன். பெரிய மார்க்கெட்டில் அன்று நல்ல வஞ்சிரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நான் விலை பேசி முடித்துப் பையை விரிக்கும் நேரத்தில், மாப்பிள்ளையின் தாயார், உழவர்கரை திருமதி தனக்கொடி அவர்கள், மீனின் தலையைப் பிடித்துக்கொண்டார். விருந்து தம் வீட்டில்தானாம். "என் புள்ள என் கையால சாப்ட்டுட்டுதான் ஏரோப்ளேன் ஏறுவான்" என்றார். நான் வாலை விடவில்லை. இருவரும் இழுத்ததில் மீன் நழுவிப் போய், அங்கே கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த காவலரின் முகத்தில் பட்டது. தொப்பி சாக்கடையில் விழுந்தது. யார் கையிலிருந்து நழுவியது என்பது இன்றுவரை தீர்மானமாகவில்லை. வாலைப் பிடித்தவருக்குப் பிடி நழுவாது என்பதை மீன் வாங்குகிற எவரும் அறிவர் என்பதை மட்டும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அன்று பிள்ளைகள் இருவரும் ஓட்டலில் சாப்பிட்டார்கள்.

4. பொது இடத்தில் சச்சரவு செய்ததாக எங்கள் இருவர்மீதும் வழக்குப் பதிவானது. "ஒத்துக்குங்கம்மா, சாப்பாட்டு வேளைக்கு வீட்டுக்குப் போயிடலாம்" என்றார் வக்கீல். இருவரும் ஒத்துக்கொண்டோம். ஒரே நாளில், ஒரே கூண்டில் நின்று, ஒரே அபராதத்தைக் கட்டினோம். திருட்டு இல்லை, மோசடி இல்லை, ஒருநாள் சிறைகூட இல்லை. ரசீதின் நகலை இணைத்துள்ளேன்.

5. அதே திருமதி தனக்கொடி வரும் 28-ஆம் தேதி விமானம் ஏறுகிறார். அவர் கணவர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். குடும்பத்துக்கே பிரெஞ்சு பாஸ்போர்ட். அவர் வீட்டுப் படியை எந்தக் காவலரும் மிதிக்கவில்லை, அவர் யாருக்கும் காபி போடவும் இல்லை. மீனின் தலையைப் பிடித்தவருக்கு வழி திறந்திருக்கிறது, வாலைப் பிடித்தவளுக்கு அடைத்திருக்கிறது. இது என்ன நியாயம் என்று தாங்களே சொல்ல வேண்டும்.

6. எனக்குப் பொறாமை என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். ஆமாம் ஐயா, பொறாமைதான். சென்ற ஞாயிறன்று அவர் புதுக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, இந்த வெயிலில், என் வீட்டுக்கே வந்து காட்டிவிட்டுப் போனார். "கவலப்படாதீங்க சம்பந்தி, நீங்க வராட்டியும் நான் பாத்துக்கிறேன்" என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார் என்கிறார் என் கணவர். அப்படித்தான் இருக்கும். அதனால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. வலியெடுக்கும்போது என் மகள் அம்மா என்றுதான் கத்துவாள். ஓடிவந்து நிற்பவர் அவராக இருப்பார். குழந்தையை முதலில் அவர் கையில்தான் கொடுப்பார்கள்.

7. ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது:

(அ) என்மீது இருந்த வழக்கு அபராதத்தோடு முடிந்துவிட்டது என்று பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு உடனே எழுத வேண்டும். அதன்பிறகு நான் விசா வேறு வாங்க வேண்டும்.

(ஆ) அது இயலாதென்றால், திருமதி தனக்கொடி மீதும் அதே வழக்கு இருந்தது என்று பிரெஞ்சு கன்சுலேட்டுக்கு ஒரு வரி எழுதிப் போட வேண்டும்.

தங்கள் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
க. அஞ்சலாட்சி

இடம்: புதுச்சேரி
நாள்: 17.09.2007

பின்குறிப்பு: மனுவை டைப் அடித்து வாங்கிய பிறகு இதைக் கையால் எழுதுகிறேன். இன்று மகள் போனில் பேசினாள். மாப்பிள்ளை வேலைக்குப் போனபின் நாள் முழுக்கத் தனியாக இருக்கிறாளாம். "பயமா இருக்கும்மா, யாராவது ஒருத்தர் வந்தாப் போதும்" என்று அழுதாள். ஆகவே (ஆ)வை நானே பேனாவால் அடித்துவிட்டேன். திருமதி தனக்கொடி போகட்டும், அவரை யாரும் நிறுத்த வேண்டாம். (அ)வை மட்டும் 28-ஆம் தேதிக்குள் முடித்துக் கொடுங்கள் ஐயா. இல்லாவிட்டால் நான் கிளறி வைத்திருக்கும் பிரசவ லேகியத்தை அவரிடமேதான் கொடுத்தனுப்ப வேண்டிவரும். அதைத் தாம் கிளறியதாகத்தான் அவர் அங்கே சொல்வார்.