சாய்ந்த மூடுகல்

இன்று காலை ரசமட்டத்தைப் பையிலிருந்து எடுத்தேன். ஓரத்தில் செம்மண் காய்ந்து ஒட்டியிருந்தது. உன் கல்லறை மண். துடைக்காமலே தேயிலை உருட்டும் மெஷினின் அடித்தட்டில் வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் நின்றது. மெஷினுக்கு அதுதான் சரி.

கல்யாணமான புதிதில் தானா ராத்தாவிலிருந்து கடல் தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போனோமே, பழநி மலைப் பக்கம்? காப்பித் தோட்டத்துக்கு மேலே, வெறும் பாறையில் அந்தக் கல்திட்டை. மூன்று பலகைக் கற்கள் நிற்க, மேலே ஒரு மூடுகல். கலவை கிடையாது, பூச்சு கிடையாது. ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் யாரோ யாருக்கோ எழுப்பிய சமாதி. உள்ளே எலும்புகூட மிச்சமில்லை, கல் மட்டும் நின்றது. நான் அங்கேயும் ரசமட்டத்தோடு போனவன். மூடுகல்மேல் வைத்தேன்.

"பின்பக்கமா சாஞ்சிருக்கு. லெவல் போச்சு."

"ஹனிமூனுக்கு வந்த மெக்கானிக்கே! ரிப்பேர் பண்ணிட்டுத்தான் கீழ வருவீங்களா?" என்றாய். பிறகு போத்தல் தண்ணீரைக் கல்மேல் கவிழ்த்தாய். அது பின்பக்கமாக ஓடி வெளியே சொட்டியது. "பாருங்க லா. படுத்திருக்கிற ஆளு நனையக் கூடாதுன்னு சாய்ச்சு வெச்சிருக்காங்க."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. பஸ் ஏறும்வரை சண்டை.

நீ போனபோது எனக்கு அழுகை வரவில்லை. வேலை செய்யத்தான் கை வந்தது. உன் கல்லை நானே பதிக்கிறேன் என்று மாமாவிடம் கேட்டு வாங்கினேன். தானா ராத்தா கல்லறைத் தோட்டத்தில் அவ்வளவு மட்டம் பிசகாத கல் வேறு இல்லை. நாலு மூலையிலும் குமிழி நடுவில்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் நானும் மாமாவும் சுத்தம் செய்யப் போனோம். கல்மேல் மழைத்தண்ணீர் குளமாக நின்றது. உன் பெயரின் எழுத்துகளுக்குள் பாசி. தேய்த்துக்கொண்டே இருந்தேன். உனக்கென்று செய்த ஒரே வேலை, அதுவும் தப்பு.

மாமா வாளியைக் கீழே வைத்தார். "லெவல் சரியாத்தான் இருக்கு மாப்ள. அதான் தண்ணிக்குப் போக வழி தெரியல."

"அவ அப்பவே சொன்னா மாமா. நான்தான் கேக்கல."

"அவ சொல்லி யாரு கேட்டா? பெத்தவன் நானே கேட்டதில்ல."

சிரித்துவிட்டோம். நீ போனபின் நான் சிரித்தது அன்றுதான்.

ஓரத்துக் கலவையைக் கொத்தி எடுத்து, மாமா கடப்பாரையால் தலைமாட்டை நெம்பினார். நான் கருங்கல் சில்லுகளைச் செருகிப் பூசினேன். வாளித் தண்ணீரை ஊற்றினோம். உன் பெயர்மேல் ஓடி, கால்மாட்டில் இறங்கிப் புல்லுக்குள் போனது. "இன்னொரு வாளி ஊத்துங்க, பாப்போம்" என்றார் மாமா. தேவையே இல்லை. ஊற்றினேன். ரசமட்டத்தில் குமிழி தலைமாட்டுப் பக்கம் ஒதுங்கி நின்றது. அப்படியே விட்டேன்.

இதை எழுதும்போதே மழை பிடித்துக்கொண்டது. தொழிற்சாலைத் தகரத்தில் கொட்டுகிறது. போன மாதம்வரை இந்தச் சத்தம் கேட்டால், நீ நனைவாயே என்று மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடுவேன். இப்போது மெஷின் ஓடுகிறது. டீயை ஆற்றிக் குடிக்கிறேன். ரசமட்டத்தில் ஒட்டிய மண்ணை இன்னும் துடைக்கவில்லை.