மூச்சு வாங்காத பாட்டு

நேற்று நாகலூர் ஜீப்பில் ஒரு பாட்டைக் கேட்டுக்கொண்டே வந்து, இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன். நீ இருந்திருந்தால் எஸ்டேட் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பாய்.

டிரைவர் புதிதாக ஓர் ஆல்பம் போட்டிருந்தார். ஐந்து பெண்கள், எந்த ஊர்க்காரர்களோ தெரியவில்லை. மேளமில்லை, ஆர்மோனியப் பெட்டியில்லை, வெறும் குரல்தான். நடவுப் பாட்டு, தாலாட்டு, கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கிற பாட்டு என்று வந்துகொண்டே இருந்தது. ஒருத்தி மேலே போனால் இன்னொருத்தி கீழே நிற்கிறாள். முன்சீட்டுப் பெரியவர் அசந்துபோய், "ஏனுங்க, இவுங்க மூச்சே வாங்க மாட்டாங்களாட்ட இருக்குதுங்களே?" என்று டிரைவரைக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாங்காமல் என்ன? ஒருத்தி மூச்சு வாங்குகையில் மற்றவள் பாட்டைப் பிடித்துக்கொள்கிறாள். நமக்கு அந்த வித்தையைக் காட்டெருமை அல்லவா சொல்லிக்கொடுத்தது.

காப்பிச் செடிக்கு அந்தப்பக்கம் நிற்பது ஆளா எருமையா என்று கண்டது யார்? மனுசக் குரல் விடாமல் கேட்டால் அது தானாக ஒதுங்கிப் போய்விடும். அதனால் வரிசைக்கு இரண்டு பேர், பழம் பறித்து முடிகிற வரை பாட்டு அறுபடக் கூடாது என்பது நம் வழக்கம். நான் மேட்டுப்பக்கம், நீ பள்ளத்துப்பக்கம். முதல் நாள் எனக்குப் பாதிப் பாட்டில் மூச்சு முட்டியது. அந்த வரியை நீ பாடி முடித்துவிட்டுச் சொன்னாய்: "நீ மூச்சு வாங்கிக்க புள்ள, பாட்ட நான் வெச்சிருக்கறேன்." அதன்பின் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. உன் கட்டைக் குரலுக்குப் பயந்துதான் எருமை ஓடுகிறது என்று நான் கேலி செய்தால், இன்னும் கட்டையாகப் பாடுவாய்.

நீ போனபிறகு நான் யாரோடும் ஜோடி சேரவில்லை. தனியாகப் பாடிப் பார்த்தேன். மூச்சு வாங்குகிற இடத்தில் பாட்டு நின்றுவிடும், அங்கேதான் நீ இல்லாதது தாங்க முடியாமல் போகும். பாட்டையே விட்டுவிட்டேன். எஸ்டேட் கணக்கெழுதுகிற ரைட்டர் பொறுத்துப் பார்த்துவிட்டு, எருமையை விரட்ட ஒரு விசில் வாங்கிக் கொடுத்தார். போலீஸ்காரி மாதிரி ஊதிக்கொண்டே பறித்தேன். மஞ்சக்குட்டையிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த அம்மாவை என்னோடு விடப் பார்த்தார். எனக்கு விசிலே போதுமென்றுவிட்டேன்.

நேற்று அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டில் மற்ற நான்கு பேரும் மூச்சுக்கு நிற்க, ஒரு கட்டைக் குரல் மட்டும் தனியாகப் பாட்டைச் சுமந்துகொண்டு போனது. அப்படியே நீ. இன்னொரு தடவை போடுங்க என்று டிரைவரைக் கெஞ்சிக் கேட்டேன். என் நிறுத்தம் போனது அப்போதுதான்.

இன்று காலையில் விசிலை ரைட்டரிடமே கொடுத்துவிட்டு, அந்த மஞ்சக்குட்டை அம்மாவை வரச் சொன்னேன். அவளை மேட்டில் நிறுத்திவிட்டு, நான் உன் பள்ளத்துப்பக்கம் இறங்கினேன். அவள் எடுத்த எடுப்பில் உச்சத்துக்குப் போய், இரண்டாவது அடியிலேயே திணறினாள். எனக்கே தெரியாமல் நான் கீழே பிடித்துக்கொண்டேன். நம்ப மாட்டாய், எவ்வளவு கட்டையாக வந்தது தெரியுமா என் குரல்! பாட்டு அறுபடவில்லை. பொழுது சாயும் வரை சிரித்துச் சிரித்துப் பாடினோம்.

சேலத்து ஆஸ்பத்திரியில் கடைசி நாளில் மூச்சுக்கு அவ்வளவு பாடுபட்டாயே, அப்போது உனக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். இன்றைக்குத் தெரிந்தது. நீ மூச்சு வாங்கிக்க புள்ள. பாட்ட நான் வெச்சிருக்கறேன்.